துடைத்தாலும் போகாத புள்ளி

நௌஷீனைப் பற்றிச் சொல்ல வந்தால் முதலில் அவளுடைய கோபத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். படிப்பு, பட்டம் எல்லாம் அப்புறம். பழவேற்காட்டு வியாபாரி அசன் முகைதீனின் மகள், பொன்னேரி பஜாரில் மீன்வலையும் நைலான் கயிறும் விற்கிற அஸ்கர் அலியின் மனைவி, திருப்பாச்சூரைத் தாண்டி இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர் என்று அவளை எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் விசாரித்துப் பாருங்கள். "யாரு, கண்டக்டராண்ட சண்டை போடுமே, அந்த டீச்சரம்மாவா?" என்பார்கள். பஸ் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போனால் அவளுக்குப் பொறுக்காது. ஒரு விஷயம் சரியில்லை என்று மனதில் பட்டுவிட்டால், அதைச் சரி செய்யாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

புற்றுநோய்ப் படங்களை ஆராய்ச்சி செய்தவள் என்றதும், பாவம், வீட்டில் யாரையோ பறிகொடுத்திருப்பாள், அந்தத் துக்கத்தில் சபதம் எடுத்திருப்பாள் என்று நீங்கள் நினைத்தால், அதெல்லாம் கிடையாது. ஆண்டவன் புண்ணியத்தில் அவள் உறவுக்காரர்கள் எல்லாரும் நன்றாகத் தின்று, நன்றாகச் சண்டை போட்டு, கல்லுப்போல இருந்தார்கள். அவள் இந்த வேலைக்கு வந்தது இரும்பு வழியாக.

2001-ல் அவள் எம்.இ. படித்தபோது, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்பட ஆலையில் ப்ராஜெக்ட் கிடைத்தது. உருக்கை மண் அச்சில் ஊற்றிப் பெரிய பெரிய வால்வுகள் செய்கிற ஆலை. வார்த்த இரும்புக்குள் பொத்தல் இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் குறையுள்ள இடத்தைத் தானாகவே வட்டம் போட்டுக் காட்டுகிற ப்ரோகிராம் ஒன்றை நௌஷீன் எழுதினாள். முதல் நாளே அது ஒரு லோடு வால்வில் பாதியைத் தள்ளுபடி என்று சொல்லிவிட்டது. நௌஷீனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அடேயப்பா, இத்தனை குறையை மனுஷக் கண் விட்டுவிட்டதே!

சூப்பர்வைசர் மோகன்ராஜ் வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மேடம், அச்சு மண்ணு ஒட்டிக்கினு இருக்குது மேடம். அதப் போயி உங்க கம்ப்யூட்டரு பொத்தல்னு சொல்லிக்கினு கீது. தொடச்சிட்டு மறுபடி எடுங்க. அப்பவும் இருந்தா அதான் பொத்தல்."

தொடச்சிட்டு மறுபடி எடு. அந்த ஆலையில் இது தினமும் பத்துத் தடவை காதில் விழுகிற பேச்சு. நௌஷீனுக்கு மூக்கு உடைந்ததுதான், ஆனாலும் ப்ரோகிராமைத் திருத்தினாள், பாஸ் ஆனாள், கல்லூரியில் வேலையும் கிடைத்தது.

மூன்று வருடம் கழித்து பி.எச்டி.க்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தபோது, கூட வேலை பார்த்தவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த ஒரு சி.டி.யைக் கொடுத்தார். அதில் அந்த ஊர்ப் பெண்களின் மேமோகிராம் படங்கள் இருந்தன. மார்பகத்தை இரண்டு தட்டுக்கு நடுவில் அழுத்தி, மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று எடுக்கிற எக்ஸ்ரே அது. கையில் தட்டுப்படுகிற அளவுக்குக் கட்டி வளர்வதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே, சில பேருக்கு ரவையைவிடச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் உள்ளே ஒரே இடத்தில் கூட்டமாக விழும். அப்போதே பிடித்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வாள். நௌஷீன் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

"இது வார்ப்படம்தாங்க!" என்றாள் அன்று வீட்டில். "இரும்புல கறுப்புப் புள்ளி, இதுல வெள்ளைப் புள்ளி. அவ்ளோதான்."

"பொம்பளைங்களப் போயி இரும்புன்றியே," என்றார் அஸ்கர் அலி. பிறகு அவளை ஒரு பார்வை பார்த்து, "சரி, சில பேரு இரும்புதான்," என்று முடித்துக்கொண்டார்.

மூன்று வருடம் உழைத்தாள். பொன்னேரியிலிருந்து செங்குன்றம், செங்குன்றத்திலிருந்து திருவள்ளூர் என்று பஸ் மாறி மாறிப் போய் வகுப்பெடுத்து, மிச்ச நேரத்தில் கல்லூரி லேப்பில் உட்கார்ந்து, அந்தப் புள்ளிக் கூட்டங்களைக் கண்டுபிடித்துச் சிவப்பு வட்டம் போடுகிற ப்ரோகிராமை எழுதி முடித்தாள். சி.டி.யில் இருந்த படங்களில் அது பிரமாதமாக வேலை செய்தது. சி.டி.யில் வேலை செய்து என்ன பிரயோஜனம்? நம்ம ஊர்ப் பெண்களிடம் வேலை செய்ய வேண்டுமே.

அதற்கும் வழி பிறந்தது. சிப்காட் ஆலைக்காரர்கள் சங்கம், சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையோடு சேர்ந்து, நாற்பது வயதைத் தாண்டிய பெண் தொழிலாளிகளுக்கு இலவசப் பரிசோதனை முகாம் நடத்தியது. மேமோகிராம் மெஷின் வைத்த ஒரு வேன் ஆலை ஆலையாகப் போகும். படங்களைப் பார்ப்பவர் டாக்டர் விக்டோரியா. நறுக்கென்று பேசுவார், ஒரு வார்த்தை அதிகம் பேச மாட்டார். அவருக்கு இரண்டாவது கண்ணாக நௌஷீனின் ப்ரோகிராம் இருக்கட்டும், அது வட்டம் போட்ட பெண்களைச் சென்னைக்குக் கூப்பிட்டு மேல் சோதனை செய்யலாம் என்று முடிவாயிற்று. 2007 ஜனவரியில் முதல் முகாம் நடந்தது. ஒரு வம்பும் இல்லை. எங்கோ ஓரிரண்டு பேருக்கு வட்டம் விழுந்தது, அவர்களுக்கும் பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று ஆனது. சங்கத்துக்காரர்கள் நௌஷீனுக்குச் சால்வை போர்த்தினார்கள்.

அடுத்த முகாம் மே மாதம், அக்கினி நட்சத்திரத்தில் நடந்தது. அதில்தான் மானம் போனது.

ஐந்தில் ஒரு பெண்ணுக்குச் சிவப்பு வட்டம். சிலருக்கு இரண்டு, மூன்று வட்டம். ஷிப்டு முடிந்து குளித்து, தலை வாரி, நல்ல புடவை கட்டி வேனில் ஏறிய பெண்களுக்கெல்லாம், "சென்னை கேன்சர் ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று போன் போனது. கும்மிடிப்பூண்டி கதிகலங்கிவிட்டது. காத்தில் ஏதோ மருந்து கலந்திருக்கிறது என்றார்கள், தண்ணீரில் கலந்திருக்கிறது என்றார்கள். பெண்கள் அழுதுகொண்டே ரயிலேறினார்கள். ஆஸ்பத்திரியில் கையால் சோதித்துப் பார்த்து, கட்டி ஒன்றும் இல்லை, படத்தில் ஏதோ அழுக்கு என்று சொல்லி எல்லாரையும் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் போய் வந்தது போய் வந்ததுதானே! ஊர் வாயை யார் மூடுவது? பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் பார்க்கிற குணசுந்தரி என்பவளின் மகளுக்கு ஆரம்பாக்கத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் தாய்க்கு அந்த வியாதியாம் என்று கேள்விப்பட்டு, மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை பாக்கு மாற்ற வருவதாகச் சொன்ன நாளில் வரவேயில்லை. குணசுந்தரி ஆஸ்பத்திரி வாசலிலேயே நௌஷீனைப் பிடித்து நாலு பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கினாள். கண்டக்டர்களை நடுங்க வைத்த நௌஷீன் அன்று எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொண்டாள்.

டாக்டர் விக்டோரியா போன் செய்தார். "நௌஷீன், உங்க ப்ரோகிராமுக்கு அழுக்குக்கும் வியாதிக்கும் வித்தியாசம் தெரியல. அடுத்த வாரம் மீட்டிங். நிறுத்திடலாம்னு சொல்லப் போறேன். பர்சனலா எடுத்துக்காதீங்க."

பர்சனலாக எடுத்துக்கொள்ளாமல் எப்படி எடுத்துக்கொள்வதாம்? இரும்பில் தொடங்கி ஆறு வருட உழைப்பு! நௌஷீனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஆனால் மே மாதப் படங்களை மறுபடி மறுபடி பார்த்தபோது, ஆத்திரத்துக்கு நடுவிலும் ஒரு கேள்வி குடைந்தது. வேனில் அழுக்கு என்றால் ஜனவரியிலும் இருந்திருக்க வேண்டும். அதே வேன், அதே பிலிம், அதே ஆலைகள். வியாதி என்றாலும் அப்படித்தான். கேன்சருக்கு ஏது சீசன்? இன்னொன்றும் கவனித்தாள். புள்ளிகள் பெரும்பாலும் அக்குள் பக்கமும், மார்புக்குக் கீழே மடிப்பு விழுகிற இடத்திலும்தான் கிடந்தன. ஏன் அங்கே மட்டும்?

பதில் ஒரு காலை நேரத்தில், கல்லூரிக்குக் கிளம்பும்போது கிடைத்தது.

"இன்னா நௌஷீன், மாவு மில்லுல வேலைக்குச் சேந்துட்டியா?" என்றார் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்த அஸ்கர் அலி.

நௌஷீனின் கழுத்து, முதுகு, அக்குள் எல்லாம் வெள்ளை வெளேரென்று வேர்க்குரு பவுடர். "பிச்சி எடுக்குதுங்க. புர்காவ போட்டுக்கினு நீங்க ஒரு நாளு செங்குன்றம் பஸ்ல வந்து பாருங்க, தெரியும்," என்று சிடுசிடுத்தபடி கண்ணாடி பக்கம் திரும்பினாள். கழுத்து மடிப்பில் வியர்வையோடு சேர்ந்து பவுடர் சின்னச் சின்னத் திப்பியாக நின்றது. நௌஷீன் அப்படியே நின்றுவிட்டாள். கும்மிடிப்பூண்டி ரயிலில் பெண்கள் பெட்டியில் ஒருத்தி பாக்கியில்லாமல் டப்பாவைத் தட்டித் தட்டிப் பூசிக்கொள்வதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! மே மாதத்தில் குளித்துவிட்டு வருகிற எந்தப் பெண்தான் பவுடர் போடாமல் வருவாள்? டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள்.

"ஜிங்க் ஆக்சைடு! ஜிங்க்குங்க! உலோகங்க!"

"அதுக்கு இன்னாத்துக்கு இப்படிக் கத்துற? பக்கத்து ஊட்டுல இன்னா நினைப்பாங்க?"

எக்ஸ்ரேயில் உலோகம் வெள்ளையாகத்தான் விழும். இது தெரியாதவளா அவள்? இரும்பில் தொடங்கியவள் ஆயிற்றே! வெளிநாட்டுப் பெண்கள் கழுவித் துடைத்துவிட்டு வந்து எடுத்துக்கொண்ட படங்களை மட்டுமே பார்த்து வளர்ந்த ப்ரோகிராமுக்கு, கும்மிடிப்பூண்டியின் வேர்வையும் வேர்க்குருவும் எப்படித் தெரியும்? சந்தோஷம் தாங்காமல் அஸ்கர் அலியைக் கட்டிக்கொண்டாள். கடைக்குப் போட்டிருந்த கறுப்புச் சட்டை பாழானது. அவர் அதை மாற்றாமலே கடைக்குப் போனார் என்று பஜாரில் சொல்வார்கள்.

அன்றே சென்னைக்குப் போனாள். டாக்டர் விக்டோரியா நம்பவில்லை.

"நிரூபிக்கிறேன் டாக்டர். பவுடரோட ஒண்ணு, தொடச்சிட்டு ஒண்ணு எடுக்கணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். இன்னொருத்தியப் போயி கேக்க முடியுமா?"

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வயசு முப்பத்தஞ்சு தாண்டியாச்சா? சரி, வேன்ல ஏறுங்க." படம் எடுக்கிற ஜோதிலட்சுமிக்கு ஒரே வெட்கம், நௌஷீனுக்கு இல்லை. முதல் படத்தை ஸ்கேன் செய்து ப்ரோகிராமுக்குக் கொடுத்தார்கள். மே மாத முகாமில் விழுந்த அதே சிவப்பு வட்டங்கள், அதே இடங்களில். ஈரத் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டு இரண்டாவது படம் எடுத்தார்கள். ஒரு வட்டம்கூட இல்லை. இரண்டையும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டிப் பார்த்த டாக்டர் விக்டோரியா, வாழ்க்கையில் முதல் தடவையாக நௌஷீனுக்கு முன்னால் வாய்விட்டுச் சிரித்தார்.

"படிச்சிருக்கேன்மா! வெளிநாட்டுல அக்குள்ல பூசற வாசனை மருந்து படத்துல தெரியும்னு புத்தகத்துல வரும். நம்ம ஊர்ல யாரு அதப் பூசறாங்கன்னு விட்டுட்டேன்."

மீட்டிங்கிலும் சிரிப்புதான். "பவுடரா! பவுடருக்கா இவ்ளோ பேஜாரு!" என்று சங்கத்துக்காரர்கள் மேஜையைத் தட்டினார்கள். எல்லாருக்கும் பெரிய நிம்மதி. அத்தனை பெண்களுக்கும் பவுடர்தான், வேறு ஒன்றும் இல்லை என்று போன் செய்துவிடலாம், அடுத்த முகாமிலிருந்து துடைத்துவிட்டு எடுக்கலாம், நௌஷீன் மேடத்தின் ப்ரோகிராமும் தொடரட்டும் என்றார்கள். அதாவது, நௌஷீன் கேட்க வந்தது கிடைத்துவிட்டது. வேறு யாராவது என்றால் கும்பிடு போட்டுவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நௌஷீன் எழுந்து நின்றாள்.

"எல்லாருக்கும் பவுடர்னு எப்படிச் சொல்றீங்க? எனக்குத்தான் தொடச்சிப் பாத்தோம். அவங்களுக்குப் பாக்கலியே?"

"மேடம், நீங்கதான பவுடர்னு சொன்னீங்க?"

"ஆமா. தொடச்சிட்டு மறுபடி எடுக்கணும் சார். அப்பவும் இருந்தா அது பவுடர் இல்ல."

பெரிய வாக்குவாதம் ஆனது. ஏற்கனவே பயந்துபோன பெண்களை மறுபடியும் கூப்பிடுவதா என்று டாக்டர் விக்டோரியாவே சத்தம் போட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நௌஷீன் விடவில்லை. கடைசியில் ஒரே ஒரு நாள், வேன் கும்மிடிப்பூண்டியிலேயே வந்து நிற்கும், வருகிறவர்கள் வரட்டும் என்று விட்டார்கள். இதற்குள் நௌஷீன் ப்ரோகிராமையும் திருத்தினாள். மேலிருந்து எடுத்த படத்திலும் பக்கவாட்டில் எடுத்த படத்திலும் ஒரு புள்ளி எங்கே இருக்கிறது என்று ஒப்பிட்டால், அது தோல்மேல் இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். தோல்மேல் இருக்கிறதை ஒதுக்கச் சொன்னாள். மே மாதப் படங்களில் வட்டங்கள் மளமளவென்று மறைந்தன. ஒரே ஒரு பெண்ணின் படத்தில் மட்டும், சுற்றிலும் பவுடர்ப் புள்ளிகள் இருக்க, நடுவில் ஒரு சின்ன வட்டம் நகரவே மாட்டேன் என்றது. பெயரைப் பார்த்தாள். குணசுந்தரி.

டாக்டர் விக்டோரியா அந்தப் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார். "இவ்ளோ பவுடருக்கு நடுவுல எதையும் உறுதியா சொல்ல முடியாது. ஆனா... வரச் சொல்லுங்க," என்றார். குரலில் சிரிப்பு இல்லை.

வேன் வந்தது. பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே வந்து, துடைத்துக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு, ஒன்றும் இல்லை என்றதும் சிரித்துக்கொண்டே போனார்கள். வர வேண்டிய எல்லாரும் வந்தார்கள், குணசுந்தரியைத் தவிர. போன் செய்தால் எடுக்கவில்லை. வேன் மாலையில் சென்னைக்குத் திரும்பிவிடும். நௌஷீன் தன்னுடைய இரண்டு படங்களையும் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு ஒரு ஆட்டோவில் ஏறினாள்.

ரெட்டம்பேடு சாலையில், வரிசை வீடுகளில் கடைசி வீடு. குணசுந்தரி வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். நௌஷீனைக் கண்டதும் அரிவாள்மனையை ஒரு தள்ளு தள்ளிவிட்டு எழுந்தாள்.

"யம்மா தாயே, போதும்மா! நீ செஞ்ச நல்ல காரியத்துல எம் பொண்ணு கல்யாணம் நின்னுபோயி கெடக்குது. மறுபடி இன்னாத்துக்கு எங்க ஊட்டாண்ட வந்துகினு நிக்கிற?"

"மன்னிச்சிக்கோங்க. அன்னைக்கு வந்ததெல்லாம் வேர்க்குரு பவுடருங்க. அது எங்க தப்புதான்."

"பவுடரா? அப்ப முடிஞ்சிபோச்சில்ல? கெளம்பு."

"எல்லாருக்கும் முடிஞ்சிபோச்சி. உங்களுக்கு முடியல. ஒரே ஒரு தடவ தொடச்சிட்டு எடுத்துட்டா..."

"தோ பாரு, மறுபடியும் வேன்ல ஏறுனன்னு தெரிஞ்சா எவன் எம் பொண்ண கட்டுவான்? உன் மிஷினு பொய்யி சொன்னா மானம் எனக்குப் போவுது, உனக்கு இன்னா போவுது?"

அவ்வளவுதான், நௌஷீனுக்கும் பொறுமை போய்விட்டது. "உங்களுக்கு இன்னா பைத்தியமா? நீங்க உயிரோட இருந்தாத்தான் பொண்ணு கல்யாணத்தப் பாக்க முடியும்! எனக்கு வேற வேலையில்லன்னு வெயில்ல வந்துகினு இருக்கனா?" என்று இவளும் கத்த, அவளும் கத்த, வரிசை வீடுகள் மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது. கத்திக் கத்தி மூச்சு வாங்கியபோது நௌஷீன் உறையிலிருந்து முதல் படத்தை உருவி அவள் கையில் திணித்தாள்.

குணசுந்தரி வேண்டா வெறுப்பாக அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "இன்னா இது, ஒடம்பு பூரா புள்ளி! ஐயோ பாவம், யாருது இது?"

"என்னுது."

குணசுந்தரி படத்தைப் பார்த்தாள், நௌஷீனின் புர்காவைப் பார்த்தாள், வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். சட்டென்று படத்தைச் சுருட்டித் தன் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! நடுத்தெருவுல வெச்சிகினு காட்டுறியே, உனக்கு வெக்கமே இல்லியா? வா உள்ள!"

உள்ளே போய்த்தான் இரண்டாவது படத்தைக் காட்டினாள். "இது தொடச்சதுக்கப்புறம் எடுத்தது. ஒண்ணுமில்ல பாருங்க. எனக்குப் பயமா இருந்திச்சி, அதான் நானே மொதல்ல ஏறிப் பாத்தன். உங்களுக்கும் இப்படி வந்திடணும்னுதான் நான் துவா செய்யிறன். வரலன்னா, இப்பவே தெரிஞ்சா காப்பாத்திடலாம்."

குணசுந்தரி முந்தானையில் மறைத்த படத்தை எடுத்து உறையில் போட்டுக் கொடுத்தாள். பிறகு, "வர்றன். ஆனா ஒண்ணு. ஒண்ணுமில்லன்னு வந்தா, நீயே ஆரம்பாக்கத்துக்குப் போயி மாப்ள ஊட்டுல சொல்லணும்," என்றாள்.

"சத்தியமா சொல்றன்."

"நல்லா தொடச்சிக்கினு வர்றன், இரு," என்று குளியலறைக்குப் போனாள் குணசுந்தரி. மீனைக்கூட மூடி வைக்கவில்லை.

வேனில் ஜோதிலட்சுமி படம் எடுத்தாள். சுற்றிலும் இருந்த பவுடர்ப் புள்ளிகள் எல்லாம் போயிருந்தன. நடுவில் இருந்தது போகவில்லை. துடைத்த படத்தில் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. சின்னச் சின்ன வெள்ளைக் குருணையாக ஒரே இடத்தில் கூடி நின்றது. வேனோடு வந்திருந்த டாக்டர் விக்டோரியா கண்ணாடியைக் கழற்றிவிட்டு நௌஷீனைப் பார்த்தார். "நானா இருந்தா இத விட்டிருப்பேன்," என்று மட்டும் சொன்னார்.

ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதித்ததில் கேன்சர்தான் என்று உறுதியானது. ஆனால் முளைவிட்ட இடத்தைத் தாண்டி எங்கும் பரவவில்லை, அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தால் போதும் என்றார்கள். இன்னும் ஒரு வருடமோ இரண்டு வருடமோ விட்டிருந்தால் கதை வேறு. குணசுந்தரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுது தீர்த்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, "அப்ப நீ ஆரம்பாக்கம் போவ வேணாம்," என்றாள்.

"ஏன் போக வேணாம்? சொன்னா சொன்னதுதான்," என்றாள் நௌஷீன்.

அஸ்கர் அலியையும் கூட்டிக்கொண்டு ஆரம்பாக்கத்துக்குப் போனாள். இந்த வியாதி ஒட்டாது, ஆரம்பத்திலேயே பிடித்தாயிற்று, அம்மாவுக்கு வந்ததற்காகப் பெண்ணை ஒதுக்குகிற நீங்களெல்லாம் என்ன மனிதர்கள் என்று அவள் பேசிய பேச்சில் மாப்பிள்ளையின் அப்பா முனுசாமி நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். "நைனா, இந்தம்மா போலீசா?" என்று மாப்பிள்ளை அவர் காதில் கேட்டானாம். எப்படியோ, தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. குணசுந்தரி தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு மணவறையில் நின்றாள்.

அதற்குப் பிறகு சிப்காட் முகாம்களில் வேன் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் சுத்தமான துண்டுகளும் இருக்கும். மே மாத முகாம் என்றால் குணசுந்தரியே லீவு போட்டுவிட்டு வந்து நிற்பாள். "அடியேய், மொதல்ல பவுடர தொடச்சிட்டு ஏறு! மேடம் மிஷினு பொல்லாதது!" என்று அவள் போடுகிற சத்தம் ரோட்டில் போகிற லாரிக்காரனுக்குக் கேட்கும். டாக்டர் விக்டோரியா மருத்துவமனையில் இருக்கும் மற்ற டாக்டர்களிடமும் ப்ரோகிராமைக் கொடுத்தார். "அந்தப் பொண்ணு வட்டம் போட்டா, தொடச்சிட்டு மறுபடி எடுக்காம விடாதீங்க," என்று சொல்லித்தான் கொடுத்தார்.

2009-ல் நௌஷீனின் பி.எச்டி. வாய்மொழித் தேர்வு நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம் என்பது அதன் வழக்கம். திருப்பாச்சூர் தாண்டிய அந்தக் கல்லூரியின் செமினார் ஹாலில் மாணவர்கள், ஆசிரியர்கள், முன் வரிசையில் டாக்டர் விக்டோரியா, அவர் பக்கத்தில் கறுப்புச் சட்டை போட்ட அஸ்கர் அலி. கடைசி வரிசையில், பட்டுப் புடவையும் முகம் நிறையப் பவுடருமாக, மகளோடு குணசுந்தரி. வடக்கேயிருந்து வந்திருந்த தேர்வாளருக்குத் தமிழ் தெரியாது. எல்லாம் இங்கிலீஷில்தான் நடந்தது. நௌஷீன் கணீரென்று பேசினாள். குடைந்து குடைந்து கேட்ட கேள்விகளுக்கெல்லாம் குடைந்து குடைந்தே பதில் சொன்னாள்.

பிறகு ஒரு படத்தைத் திரையில் போட்டாள். பெயரில்லை, ஊரில்லை, ஒரு எண் மட்டும். சுற்றிலும் பவுடர்ப் புள்ளிகள், நடுவில் ஒரு சிவப்பு வட்டம். தேர்வாளர் முன்னால் சாய்ந்தார். இந்த நோயாளியை மறுபடி கூப்பிட வேண்டும் என்று எப்படி முடிவெடுத்தீர்கள், பிறகு என்ன ஆனது என்று கேட்டார்.

நௌஷீன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது. குணசுந்தரி எழுந்து நின்றிருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்தப் படத்தை அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் எத்தனை தடவை வெளிச்சப் பெட்டியில் பார்த்திருக்கிறாள்!

"சார், அது என்னுது சார்," என்றாள் சத்தமாக. மகள் கையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. "அந்தப் புள்ளி என்னுது. தொடச்சிப் பாத்தாங்க, போவல. அப்புறம் டாக்டருங்க அறுத்து எடுத்தாங்க. இப்ப இல்ல."

தேர்வாளர் குழம்பிப்போய் நௌஷீனைப் பார்த்து, அந்த அம்மா என்ன சொன்னார் என்று கேட்டார். நௌஷீன் மைக்கைப் பிடித்துக்கொண்டாள். அது அவங்களுடைய படமாம் சார், துடைத்த பிறகும் அந்தப் புள்ளி போகவில்லையாம், அதனால் அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்களாம் என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தவள் கடைசியில் நிறுத்திவிட்டாள். கண்ணில் நீர் கொட்டியது. மிச்சமிருந்த அந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் அவளால் இங்கிலீஷில் சொல்ல முடியவில்லை. குணசுந்தரியைப் பார்த்துக்கொண்டே தமிழிலேயே சொன்னாள்.

"இப்ப இல்ல."